தாத்தாவின் தங்க வாட்ச் ஏலத்துக்குப் போகும் முன்: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம், மண்டபம், இராமேசுவரம் என்று நம் கடற்கரை ஊர்களில் பல வீட்டு பீரோக்களில் ஒரு பழைய தங்க வாட்ச் இருக்கும். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று சம்பாதிக்கப் போன சபராளிகள் வாங்கி வந்ததாக இருக்கலாம். பெரிய மனிதர் ஒருவர் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். "இது சாதாரண வாட்ச் இல்லை, இன்னார் கட்டியிருந்தது" என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே தலைமுறை தாண்டி வந்திருக்கும்.

அந்தப் பேச்சு உண்மையாக இருந்து, அதை நிரூபிக்கவும் முடிந்தால், வாட்சின் விலை அதிலுள்ள தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு ஏறும். நிரூபிக்க முடியாவிட்டால் அது மற்ற பழைய வாட்சுகளில் ஒன்று, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் அவசரத்துக்கு அடகுக்கடைக்கோ நகைக்கடைக்கோ போய்விடுகின்றன. அங்கே மெஷினைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு கேஸை, அதாவது வெளிக்கூட்டை, மட்டும் எடை போடுவார்கள். அப்புறம் அது உருக்குவதற்குப் போய்விடும். ஒருமுறை உருகிய வாட்ச் திரும்ப வராது. அதனால்தான் முதல்முறையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

பெயருக்கு எவ்வளவு விலை?

2008 அக்டோபரில் நியூயார்க்கில் ஆன்டிகோரம் நிறுவனம் லாஞ்சின்ஸ் வாட்ச் ஒன்றை ஏலம் விட்டது. 14 காரட் தங்கம், பீப்பாய் வடிவக் கேஸ். பின்மூடியில் பேராசிரியர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் என்ற பெயர், லாஸ் ஏஞ்சலீஸ் என்ற ஊர், 1931 பிப்ரவரி 16 என்ற தேதி, மூன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த மாதம் அவர் கலிஃபோர்னியாவில் இருந்தது ஊரறிந்த செய்தி. வாட்ச் 5 லட்சத்து 96 ஆயிரம் டாலருக்குப் போனது.

வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் 1954இல் ஜெனிவாவில் வாங்கிய தங்க ரோலக்ஸ் இன்னொரு உதாரணம். 2002இல் ஏலத்துக்கு வந்தபோது 3 லட்சத்து 42 ஆயிரம் சுவிஸ் பிராங்கு. அதே வாட்ச் 2017 மே மாதம் ஜெனிவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 50 லட்சம் பிராங்கைத் தாண்டியது. அதே 2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வாட்சில் குந்துமணித் தங்கம்கூடக் கிடையாது, முழுக்க ஸ்டீல். மனைவி அவருக்காகப் பின்பக்கம் பொறித்துக் கொடுத்திருந்த "கவனமாக ஓட்டு" என்ற வரியும், அவர் மகளின் நண்பருக்கு அதைக் கொடுத்த வரலாறும் ஒன்றோடொன்று பொருந்தின.

நம் வீட்டு வாட்சுக்கு இப்படிக் கோடிகள் வரும் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொருள் எதனால் விலை ஏறுகிறது என்பதை இந்த மூன்றிலும் பார்க்கலாம். உள்ளூரில் பேர்போன ஒருவர் கட்டிய வாட்சுக்கும் இதே கணக்குதான், தொகைதான் சிறியது.

முதல் வேலை, வாட்சில் கை வைக்காமல் இருப்பது

பீரோவிலிருந்து எடுத்ததும் நமக்கு முதலில் தோன்றுவது அதைத் துலக்க வேண்டும் என்பதுதான். செய்யாதீர்கள். வளையலையும் சங்கிலியையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பது போல வாட்சைத் தேய்த்தால், ஈரம் சாவித் திருகு வழியாக உள்ளே போய்விடும். நகைப் பட்டறையில் பாலிஷ் போடுவது அதைவிட மோசம். பஃப் சக்கரத்தில் கேஸின் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், முத்திரைகள் தேய்ந்து போகும், பின்பக்கம் பொறித்த எழுத்து மங்கும். விலை கொடுக்கிறவர் தேடிப் பார்ப்பது இவற்றைத்தான். பளபளப்பை யாரும் கேட்பதில்லை.

ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுப்பதும் வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்த மெஷினில் எண்ணெய் உலர்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சு தேயும். ஓடாத வாட்சையும் ஏலத்தில் எடுப்பார்கள். டயல் மங்கலாக இருக்கிறதே என்று புது பெயின்ட் அடிக்கச் சொல்லவே கூடாது. நம் நாட்டில் கடிகாரக் கடைகளில் பல காலமாக நடக்கிற பழக்கம் இது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நம்மூர் வாட்ச் என்றாலே சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். பழைய டயலில் உள்ள கறையும் மஞ்சளும் அதன் வயதுக்குச் சாட்சி.

சேதம்கூடச் சான்றாக மாறும் என்பதற்குச் சீனாவின் கடைசிப் பேரரசர் பூ யியின் வாட்சைச் சொல்லலாம். பிளாட்டினம் கேஸ் போட்ட படேக் பிலிப் அது. சோவியத் சிறையில் இருந்தபோது, டயலும் பிளாட்டினம்தானா என்று பார்க்கப் பணியாளைவிட்டுச் சுரண்டச் சொன்னார் என்பது அதோடு வந்த வரலாறு. சுரண்டிய டயலோடுதான் அந்த வாட்ச் 2023 மே மாதம் ஹாங்காங்கில் விற்றது. யாராவது இடையில் அந்த டயலுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த வரலாற்றை எதை வைத்து ஒப்பிட்டிருப்பார்கள்?

பழைய வார், பக்கிள், வாட்ச் வந்த டப்பா, கிழிந்த பில், எதையும் தூக்கிப் போடாதீர்கள். தங்க பக்கிளில் கம்பெனி முத்திரை இருந்தால் அதற்கே தனி விலை உண்டு.

நம் கடற்கரைக்கென்று ஒரு எச்சரிக்கை. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கிற ஸ்டீல் பாகங்களை உப்புக்காற்று அரித்துவிடும். கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டிலும் இதேதான். மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள பழைய வாட்ச் என்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். 1960கள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் சேர்ப்பது வழக்கம். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

இது என்ன வாட்ச்?

அடுத்தது, பின்மூடியைத் திறந்து பார்ப்பது. வீட்டில் கத்தியால் நெம்பாதீர்கள். கீறல் விழுந்தால் விழுந்ததுதான். பழைய சாவி வாட்சுகளை ரிப்பேர் பார்த்துப் பழகிய கைக்காரரிடம் போங்கள். இராமநாதபுரத்தில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் மதுரையிலோ சென்னையிலோ தேடலாம். "திறந்து காட்டினால் போதும், சர்வீஸ் வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள்.

திறந்ததும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். மூடியின் உள்பக்கம் முதலில். அங்கே கம்பெனி பெயர், கேஸ் எண், தங்க முத்திரை மூன்றும் இருக்கும். கூர்ந்து பார்த்தால் ஊசியால் கீறியது போல நுணுக்கமான எழுத்துகளும் தெரியும். சில எண்கள், ஒரு தேதி, சில சமயம் சுருக்கக் கையெழுத்து. பழைய காலத்து ரிப்பேர்காரர்கள் ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் போட்டு வைத்த குறிப்புகள் அவை. குறிப்பில் "58" என்று இருந்தால் 1958இல் அந்த வாட்ச் யாரோ ஒருவருடைய கையில் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள் கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பின்னால் பெயரை நிரூபிக்கும்போது இந்தக் கீறல் உதவும்.

தங்க முத்திரைக்கு வருவோம். நம் நகையில் 916 என்று பார்த்துப் பழகியவர்கள் இதில் குழம்பிவிடுகிறார்கள். 22 காரட் மிருதுவானது என்பதால் வாட்ச் கேஸுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. சுவிஸ் கேஸில் 18 காரட் என்றால் 0.750 என்ற எண்ணும் சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலையும் இருக்கும். 14 காரட் என்றால் 0.585 என்ற எண்ணும் ஓர் அணிலும். ஆமாம், அணிலேதான். சேதுக்கரைக்காரர்களுக்கு இது மறக்காது. இந்த இரண்டு முத்திரைகளும் 1995 வரை வழக்கில் இருந்தன. இங்கிலாந்தில் செய்த கேஸ் என்றால் .375 என்ற 9 காரட்டும் உண்டு.

பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இருந்தால், அல்லது 20 மைக்ரான், ரோல்டு கோல்டு என்ற எழுத்து இருந்தால், அது முலாம் பூசியது. மனம் தளர வேண்டாம். நியூமனின் ஸ்டீல் வாட்ச் கதையை மேலே பார்த்தோம். ஆனால் அதை "தங்க வாட்ச்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

காரட் தெரிய வேண்டுமென்றால் உரைகல்லில் உரசவிடாதீர்கள். ஹால்மார்க் மையங்களில் காரட் பார்க்கும் மெஷின் இருக்கிறது. கீறாமலே சொல்லிவிடும்.

டயலில் கம்பெனி பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பிலோ ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ விற்ற கடை தன் பெயரையும் டயலில் அச்சிடுவது அந்தக் காலத்து வழக்கம். அசலாக இருந்தால் சேகரிப்பாளர்கள் இதற்குத் தனி விலை தருவார்கள். வாட்ச் எங்கே வாங்கியது என்பதற்கும் அது சான்று.

மெஷின் எண்ணை வைத்துத் தயாரித்த ஆண்டைக் கணிக்கலாம். லாஞ்சின்ஸ், படேக் பிலிப் போன்ற கம்பெனிகள் தங்கள் பழைய பேரேடுகளைப் பார்த்து, இந்த எண் எந்த ஆண்டு வெளியே போனது என்று எழுதித் தருகின்றன. ரோலக்ஸ் அப்படித் தருவதில்லை.

பெயரை நிரூபிப்பது

இந்த வேலையில் நேரத்தையும் பொறுமையையும் போட வேண்டிய இடம் இதுதான். பூ யியின் வாட்சை ஆராய பிலிப்ஸ் நிறுவனம் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தப் பேரரசர் தன் ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்தார் என்ற ஒரு வரியை உறுதிப்படுத்துவதும் அந்த உழைப்பில் அடக்கம்.

முதலில் காலம் பொருந்துகிறதா என்று பாருங்கள். "பாஸ்கர சேதுபதி மகாராஜா கையில் கட்டியிருந்த வாட்ச்" என்று ஒரு குடும்பத்தில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1903இல் மறைந்தார். ஆண்கள் கையில் வாட்ச் கட்டுவது பரவலானது 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முன் சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். ஆக அந்தப் பேச்சு அப்படியே நிற்காது. உடனே பொய் என்றும் முடிவு கட்ட வேண்டாம். அரண்மனையில் அவருக்குப் பின் வந்த ஒருவர் கொடுத்ததாக இருக்கலாம். தலைமுறை மாறும்போது சின்னப் பெயர் உதிர்ந்து பெரிய பெயர் ஒட்டிக்கொள்வது சகஜம். உண்மையில் கொடுத்தவர் யார் என்று தேடிப் பிடித்தால், அந்தச் சின்னப் பெயருக்கு நல்ல சான்று கிடைக்கக்கூடும். சான்று இல்லாத மகாராஜாவைவிடச் சான்றுள்ள திவானுக்கு ஏலத்தில் மதிப்பு அதிகம்.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். கேட்கிற விதம் முக்கியம். "மாமா, இது அரண்மனையிலிருந்து வந்ததுதானே?" என்று கேட்டால் "ஆமாம்பா" என்று தலையாட்டிவிடுவார்கள். "இந்த வாட்ச் நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு மாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்களாகச் சொல்லட்டும். போனில் பதிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று அப்புறம் பிரித்துக் கேளுங்கள். "வாப்பா கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்" என்பது ஒன்று. "வாப்பாவுக்கு இன்னார் கொடுத்ததாக உம்மா சொல்வார்கள்" என்பது வேறு. காக்காவிடமும் (அண்ணன்) ராத்தாவிடமும் (அக்கா) தனித்தனியே கேளுங்கள். இரண்டு பேர் சொல்வது சின்னச் சின்ன விவரங்களில் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். நடுவில் உள்ள சங்கதி ஒத்துப்போனால் போதும்.

பெரியவர்கள் சம்மதித்தால், இவற்றை நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். கண்டதையும் கேட்டதையும் தனித்தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் இருக்கும்போது வாங்கினால்தான் உண்டு.

இனி காகிதங்கள். போட்டோதான் முதல் இடம். அந்தப் பெரிய மனிதர் அந்த வாட்சைக் கட்டியிருக்கிற படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய ஸ்டூடியோ படங்களையும் கல்யாண ஆல்பங்களையும் உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். டயலின் வடிவம், வார் மாட்டும் கொம்புகள், சின்ன விநாடி வட்டம் எந்த இடத்தில் இருக்கிறது, இவை பொருந்த வேண்டும். "ஏதோ ஒரு வாட்ச் தெரிகிறது" என்பது போதாது.

அடுத்து, பதிவு செய்த பத்திரங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ உயிலிலோ நகைப் பட்டியலில் "தங்க கைக்கடிகாரம் 1" என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் பிரதி இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போட்டு வாங்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு உடுத்திய துணியோடு வந்த குடும்பங்களுக்கு இதுதான் வழி. வீட்டுக் காகிதம் கடலோடு போயிருந்தாலும், வேறு ஊரில் பதிவான பத்திரத்தின் நகல் அங்கே இருக்கலாம். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள சீல்கள், தாயகம் திரும்பியோருக்குத் தந்த குடும்ப அட்டை, கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்கள், இவையெல்லாம் உங்கள் முன்னோர் அந்த ஆண்டில் அந்த ஊரில் இருந்தார் என்று காட்டும். கடிதம் என்றால் உறையையும் சேர்த்து வையுங்கள். தபால் முத்திரையில் தேதி இருக்கும்.

விழாவில் பரிசாகக் கொடுத்த வாட்ச் என்றால் அந்தக் காலப் பத்திரிகையில் செய்தியோ படமோ வந்திருக்கலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகிய இடங்களில் பழைய இதழ்களையும் ஆவணங்களையும் தேடலாம். குத்துமதிப்பாக ஆண்டும் மாதமும் தெரிந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் தேடி மாளாது.

பின்மூடியில் பெயர் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்று எதிர்பாருங்கள். பொறித்த பள்ளத்தின் விளிம்பு, மூடியின் மற்றப் பகுதி தேய்ந்த அளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும். மூடி முழுக்கத் தேய்ந்து எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் அது பிறகு வெட்டியது. விலை ஏற்றலாம் என்று இப்போது பெயர் வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது மோசடி. நல்ல வாட்சையும் கெடுத்துவிடும்.

சேர்த்த எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஆண்டு செய்தது, எங்கே விற்றது, யார் வாங்கினார், யாருக்குக் கொடுத்தார், நம் வீட்டுக்கு எப்போது வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நேரே சான்றைக் குறியுங்கள். சான்று இல்லாத வரியைக் காலியாக விடுங்கள். ஏல நிறுவனத்தின் நிபுணர் முதலில் தேடுவது அந்தக் காலி இடங்களைத்தான். நீங்களே காட்டிவிட்டால் உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

வாரிசுகளும் சட்டமும்

வாட்ச் யாருடைய பீரோவில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்று நினைப்பது தவறு. தாத்தாவின் சொத்தென்றால் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. அக்கா, தங்கை, அத்தை மக்கள் உட்பட எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "பொம்பளைப் பிள்ளைகளிடம் கேட்க என்ன இருக்கிறது" என்று விட்டுவிடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது அநியாயம் என்பது ஒருபுறம். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருவர் ஆட்சேபித்தால் நிறுவனம் வாட்சைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். பணம் எப்படிப் பிரியும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1950களின் வாட்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1920களின் தொடக்கத்தில் செய்த வாட்சோ சட்டைப்பை கடிகாரமோ என்றால் ஜாக்கிரதை. "துபாயில் இருக்கிற மச்சான் கையில் கட்டிக்கொண்டு போய்விடுவார்" என்ற யோசனையே வேண்டாம்.

ஏல நிறுவனத்திடம் பேசுவது

இந்தியாவில் சாஃப்ரன்ஆர்ட், அஸ்டாகுரு, புண்டோல்ஸ் போன்ற மும்பை நிறுவனங்கள் கலைப்பொருள்களோடு சேகரிப்புப் பொருள்களையும் ஏலம் விடுகின்றன. வெளிநாட்டில் பிலிப்ஸ், கிறிஸ்டீஸ், சோத்பீஸ், ஆன்டிகோரம். முதலில் போட்டோக்களையும் அந்த ஒரு பக்க வரலாற்றையும் மட்டும் அனுப்புங்கள். வாட்சை அனுப்பாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் கருத்துக் கேட்பது நல்லது.

அவர்கள் ஒரு மதிப்பீடு சொல்வார்கள், இந்தத் தொகையிலிருந்து இந்தத் தொகை வரை என்று. அது உத்தரவாதம் ஆகாது. நீங்கள் கேட்க வேண்டியது ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற அடிவிலை. ரிசர்வை மிக உயர்த்தி வைத்தால் வாட்ச் விலைபோகாமல் திரும்பிவரும்.

ஒப்பந்தத்தில் இவற்றைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்: விற்பவரிடம் எவ்வளவு கமிஷன், போட்டோவுக்கும் இன்சூரன்ஸுக்கும் தனிக் கட்டணம் உண்டா, நடுவில் திரும்பப் பெற்றால் அபராதம் என்ன, விற்காவிட்டால் யார் செலவில் திரும்ப வரும், விற்றபின் எத்தனை நாளில் பணம். இதில் எதற்காவது "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வாட்சை ஒப்படைக்கும்போது எடை, எண்கள், கீறல்கள் எல்லாம் குறித்த ரசீது வாங்குங்கள். நேரில் கொண்டுபோவதாக இருந்தால் உறுதிமொழிப் பத்திரத்தின் நகலும் நிறுவனத்தின் கடிதமும் கையில் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் பறக்கும் படையினர் பையைத் திறந்து பார்த்தால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். அசல் கடிதங்களையும் போட்டோக்களையும் கேட்டால், கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வாட்சோடு அவையும் வாங்குகிறவரிடம் போய்விடும்.

வாங்க நினைப்பவருக்கு

இந்தப் பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏலப் பட்டியலில் சொற்களை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். "இன்னாருடைய வாட்ச்" என்று நேராக எழுதியிருப்பதும் "இன்னாருடையது என்று சொல்லப்படுகிறது", "குடும்ப வழக்கின்படி" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைக்குப் பெயரின் விலையைக் கொடுக்காதீர்கள். சான்றுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வாட்சின் நிலை பற்றிய அறிக்கையையும் கேளுங்கள்.

சுத்தியல் விழும் தொகை, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட தொகை, நீங்கள் கட்டும் தொகை இல்லை. அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல். பூ யியின் வாட்சுக்குச் சுத்தியல் விழுந்தது 4 கோடி ஹாங்காங் டாலரில். கட்டணத்தோடு அது 4 கோடியே 88 லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவில் ஜிஎஸ்டியும், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 1 சதவீத டிசிஎஸ்ஸும் (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) சேரும். வெளிநாட்டில் எடுத்தால் சுங்க வரியும். எல்லாம் கூட்டிப் பார்த்து, உங்கள் எல்லையை ஏலத்துக்கு முந்தின நாளே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் "ராஜா வீட்டு வாட்ச், அவசர விற்பனை" என்று வரும் படங்களை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.

ஏலம் முடிந்த பிறகு

விற்றுவிட்டால், பணம் வங்கிக் கணக்கிலேயே வரட்டும். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. லாபத்துக்கு வரி உண்டா, எவ்வளவு என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தங்க வாட்சை நகையாகக் கணக்கில் எடுப்பதா, சொந்த உபயோகப் பொருளாக எடுப்பதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். நிறுவனம் தரும் விற்பனைக் கணக்கு, கமிஷன் ரசீது, வாரிசுகளின் கையெழுத்துக் காகிதம், மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

விலைபோகாமல் திரும்பி வந்தால் உடனே அடுத்த நிறுவனத்துக்கு ஓடாதீர்கள். ஏல முடிவுகள் எல்லாம் இணையத்தில் இருக்கும். போன மாதம் விற்காத வாட்சை இந்த மாதம் இன்னொரு இடத்தில் பார்த்தால் வாங்குகிறவர்கள் தயங்குவார்கள். ஏன் நின்றது என்று அந்த நிபுணரிடமே கேளுங்கள். அடிவிலை அதிகமா, டயலில் சந்தேகமா, பெயருக்கான சான்று போதவில்லையா? சான்றுதான் குறை என்றால் பட்டியலில் விட்ட காலி இடங்களுக்குத் திரும்புங்கள். சார்பதிவாளர் அலுவலகம், நூலகம், இன்னும் கேட்காத உறவினர்கள் என்று தேடி, புதிதாக ஏதாவது கிடைத்த பிறகு இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி கொண்டுபோகலாம். அதுவரை வாட்ச் சிலிக்கா ஜெல் டப்பாவிலேயே இருக்கட்டும்.